இறங்காதே

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில், வீட்டில் பீர் காய்ச்சுவதற்காகக் கொல்லையில் வளர்த்த ஹாப்ஸ் கொடியில் ஏணி போட்டுப் பூப்பறித்துக்கொண்டிருந்தான் கேலம். உயரம் என்றாலே அவனுக்குக் குலை நடுங்கும். கீழே மனைவி நெரிடா ஏணியைப் பிடித்திருந்தாள்.

“கூடை நிறைஞ்சிருச்சு, இறங்கறேன்.”

“இறங்காத. அங்கயே நில்லு.”

“கால் வெடவெடங்குது நெரிடா. காலைல போட்ட சண்டைக்குப் பழிவாங்கறியா?”

“ஆமா. உன் பீர் ஆசை தீரட்டும். அசையாம நில்லு.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனத்துக்குள் அவளைத் திட்டித் தீர்த்தான். ஐந்து நிமிடம் ஒரு யுகமாகக் கழிந்தது.

“இப்ப வா” என்றாள்.

அவன் இறங்கியதும் அவள் அப்படியே தரையில் சரிந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“என் வெறுங்கால் மேல டைகர் பாம்பு படுத்திருந்துச்சு கேலம், கொடிய விஷம். இப்பத்தான் வேலியத் தாண்டிப் போச்சு.”

“சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா குதிச்சிருப்பியே.”