பிளக் பிடுங்கிய சின்தசைசர்

தங்கை லேப்டாப்பில் இசையமைப்பதைப் பார்த்தாலே அண்ணன் உதட்டைப் பிதுக்குவான்.

"இது இசையா? டைப் அடிக்கிற வேலை."

"உன் சின்தசைசர் கீபோர்டைத் துடைக்கிற நேரத்துல நான் நாலு பாட்டு முடிச்சிடுவேன். அதைப் பழைய இரும்புக்குப் போடு."

சின்ன ஸ்டுடியோ; இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். எது தங்குவது என்று தீர்க்க, அவனைக் கண்ணை மூடச் சொல்லி, அவள் ஒரே மெட்டை இருமுறை ஒலிக்கவிட்டு, எது சின்தசைசர் என்று கேட்டாள்.

"ரெண்டாவதுதான் சின்தசைசர். உயிர் இருக்கே!"

"ரெண்டுமே லேப்டாப்தான். உன் பெட்டியோட பிளக்கைக் காலையிலேயே பிடுங்கிட்டேன்."

இளக்காரமாகச் சிரித்தபடி, இன்னும் ஒலித்துக்கொண்டிருந்த லேப்டாப்பை மூடினாள். மெட்டு நிற்கவில்லை.

இருவரும் திரும்பினார்கள். சின்தசைசரின் கட்டைகள் தாமாகவே அமிழ்ந்து எழுந்துகொண்டிருந்தன. மெட்டில் அவள் கவனிக்காமல் விட்ட ஒரு பிசகான சுரத்தை, அது நிறுத்தி நிதானமாகத் திருத்தி வாசித்தது.