சிவப்பு வரி

பாதி வந்து மறுபடியும் அறுந்துவிட்டது.

லேப்டாப்பின் கருப்புத் திரையில் சிவப்பாக எழுத்து. ஒரு வரியா இரண்டு வரியா, வெள்ளிமலை ரோடு நீளத்துக்குச் சிவப்பு.

"இன்னாம்மா சொல்லுது?"

"டைம் அவுட்டாம்ப்பா. நீ செத்த சும்மா குந்து."

என் மகள் சுபஸ்ரீக்கு இன்று வேலைக்கான தேர்வு. கம்பெனி அனுப்பிய ஒரு புரோகிராம் அவள் லேப்டாப்பில் ஓட வேண்டும். ஓடினால்தான் தேர்வு தொடங்கும். பகல் ஒரு மணிக்குள் தொடங்காவிட்டால் வேலை இல்லை.

அதுவோ, ஏதோ ஒரு பாக்கேஜ் இல்லாமல் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

பாக்கேஜ் என்றால் என்னவென்று விளக்கினாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது புரியாதா? கல்யாண கோஷ்டிதான். தாய்மாமனை ஏற்றினால் அவன் மச்சான், மச்சானின் சகலை, சகலையின் அண்டா என்று ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி ஆள் ஏறும்வரை பஸ்ஸை எடுக்க விடமாட்டார்கள். இங்கே கடைசி ஆள் படியில் கால் வைக்கும்போது நெட் அறுந்துவிடுகிறது. எல்லாரும் இறங்கி, மறுபடி முதலிலிருந்து.

எங்கள் ஊரில் போனில் பேச்சு கேட்கும், நெட் நொண்டும். அதனால்தான் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையின் இந்த வளைவுக்கு வந்தேன். பஸ் இங்கே திரும்பினால் அத்தனை பேர் போனும் ஒன்றாகக் கூவும். காட்டுப்பன்றிகூட இங்கே நின்று மெசேஜ் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைக் கடக்கும்.

என் போனிலிருந்துதான் அவளுக்கு நெட். அவளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று சைலண்டில் போட்டு, பாறை நிழலில் துண்டுக்கடியில் வைத்திருந்தேன்.

அவள் பழையதை அழித்துவிட்டுப் போட்டாள். வேறு கட்டளை தட்டினாள். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள்.

சிவப்பு.

நான் பாறையைச் சுற்றி வந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அதே வரியைத் திரும்பவும் தட்டினாள்.

சார்ஜ் இருக்கிறதா பார்க்கலாம் என்று துண்டை விலக்கினேன். சத்தமில்லாமல் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. டீக்கடை கொளஞ்சியப்பன்.

அந்தப் பக்கம் அவள் திரையில் சிவப்பு.

தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். தனசேகரன். குஞ்சம்மாள். காசிநாதன். என் வீட்டுக்காரி. மறுபடி கொளஞ்சியப்பன். ஊரே கூப்பிட்டிருக்கிறது. ஒவ்வொருவர் கூப்பிடும்போதும் இந்தக் கிழட்டு போன் நெட்டைக் கீழே போட்டுவிட்டு அழைப்பைப் பிடிக்க ஓடியிருக்கிறது.

ஏன் கூப்பிடமாட்டார்கள்? "என் பொண்ணுக்கு நாற்காலியே கப்பல்ல வந்துக்கினு இருக்குது, நாளைக்கு மத்தியானம் முடிவு" என்று நேற்று டீக்கடையில் சொன்னவன் நான்தானே.

கூப்பிடாதீர்கள் என்றால் இரண்டு மடங்கு கூப்பிடுவார்கள். துக்க வீட்டுக்குத்தான் எங்கள் ஊர் போன் பண்ணத் தயங்கும்.

வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்து போய்க் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டேன். கடைசியாக ஒருமுறை நெட்டை நானே அறுத்தேன்.

"இன்னா ஆச்சுண்ணே? இங்க எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க."

"வேல இல்லன்னுட்டாங்கப்பா. எல்லாருக்கும் சொல்லிடு."

"வுடுண்ணே," என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்தான்.

நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டு நம்புகிறவன். இதை முழுசாக நம்பிவிட்டான்.

பாறைக்குத் திரும்பி வந்தேன். போன் அடங்கியது.

சகலை ஏறினான். அண்டா ஏறியது. புரோகிராம் ஓடியது.

"இன்னாப்பா பண்ண? வந்துடுச்சே."

"மலைய ஒரு அதட்டு அதட்டினேன்."

சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. "டெஸ்ட ஆரம்பிச்சுட்டேன். இனிமே நெட் அறுந்தா அவ்ளோதான். போனத் தொடாத."

நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். தாம்பூலத் தட்டை ஏந்துவது போல இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் நினைவு வந்தது. டீக்கடை எங்கள் வீட்டுக்கு எதிரில்தான்.

விடிந்ததும் விடியாததுமாகக் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள் செந்தமிழ்ச்செல்வி, என் வீட்டுக்காரி. தவறிய அழைப்புகளில் அவளுடையதுதான் ஜாஸ்தி.

பொய் என்று சொல்லிவிடலாம். அதற்கு நான் கூப்பிட வேண்டும்.

சுபஸ்ரீ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். செந்தமிழ்ச்செல்வி இப்போது கூப்பிடுவதே இல்லை.