ஒரு பங்குகூட இல்லை

2001 ஜூலை 17, நியூயார்க். ஒரு காலத்தில் எண்பது டாலருக்கு விலைபோன ‘பாஸ்கெட்நெட்’ என்ற இணைய மளிகைக் கம்பெனியின் பங்கு அன்று காலை ஒன்பது டாலரில் நின்றது.

தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில், பங்குச்சந்தை ஆலோசகர் வெண்டல் ஹாஸின் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்த டோரீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மிஸ்டர் ஹாஸ், எங்கிட்ட அறுநூறு பாஸ்கெட்நெட் இருக்கு. பொண்ணு காலேஜுக்குன்னு வெச்சது. வித்துடட்டுமா?”

“புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? சந்தை மந்தமா இருக்கறப்ப விக்கிறவன்தான் மடையன். டிவியில சொல்றேன், கேளு.”

ஒப்பனை அறையின் டிவியில் டோரீன் கேட்டாள். நிலையத்தின் புது விதிப்படி, நிகழ்ச்சி நடத்துபவர் எடுத்த எடுப்பில் விசாரித்தார்.

“இந்தக் கம்பெனியில உங்களுக்குப் பங்கு இருக்கா?”

“ஒண்ணுகூட இல்ல. ஆனா எங்கம்மா பேர்ல நாப்பதாயிரம் இருக்கு. பெத்தவளை எவனாவது ஏமாத்துவானா?”

டோரீனுக்கு மூச்சு வந்தது. தரகரை அழைக்க எடுத்த போனைக் கீழே வைத்தாள்.

பேட்டி முடிந்து, பவுடரைத் துடைத்துக்கொள்ள வந்து உட்கார்ந்தவரின் கைப்பேசி ஒலித்தது. அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“ஆமாம்மா, போன வாரம் நீ கையெழுத்துப் போட்டியே, அது அந்த நாப்பதாயிரம் பங்குக்குத்தான். யார்கிட்டேருந்து வாங்கினதா? என்கிட்டேருந்துதான். வேற எவன் வாங்குவான் அந்தக் குப்பையை?”

டோரீன் பாதி துடைத்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு, பஞ்சைக் கூடையில் எறிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

அவருடைய பேட்டியால் பங்கின் விலை ஒரு டாலர் ஏறியிருந்தது. பதினொன்றரை மணிக்கு அவளுடைய அறுநூறும் பத்து டாலருக்கு விற்றுப்போயின.