காலி வண்டி ஒரு சுற்று

ரோலர் கோஸ்டர் நின்றுவிட்டது. வரிசை மட்டும் கலையாமல் கம்பித் தடுப்புக்குள் வெயிலில் காய்கிறது. "வண்டி வந்து சேரலைன்னு ஒரு சென்சார் பொய் சொல்லுது. சின்னக் கோளாறுதான். வரிசையைக் கலைச்சா உங்க இடம் போயிடும், நில்லுங்க. காலி வண்டியை ஓட்டிப் பாத்துட்டுதான் ஆளை ஏத்துவோம்" என்கிறாள் சீருடைக்காரப் பெண். எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். எனக்கு முன்னால் மகளோடு நிற்கும் அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. ஊர் வம்பு எனக்கெதற்கு? ஆனால் காதை எங்கே கழற்றி வைப்பது? "இதுல ஏறி இறங்குனதும் என்னை அம்மாகிட்ட விட்றணும்ப்பா. வாசல்ல நிக்கிறாங்க. நாளைக்கு நாங்க ஃப்ளைட் ஏறணும்ல" என்கிறாள் மகள். "புது ஊர்ல இதைவிடப் பெரிசு இருக்காம். நீயும் வாயேன்." "வரேன்டா கண்ணு" என்று குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிவிடுகிறார். காலி வண்டி தலைக்கு மேலே தடதடக்கிறது. இருக்கைகளில் ஆளில்லை, கம்பிகள் மட்டும் யாரையோ அணைப்பதுபோல் இறங்கியிருக்கின்றன. எல்லாரும் அண்ணாந்து பார்க்க, அவர் மகளின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டி ஒழுங்காக வந்து நிற்கிறது. கைதட்டல். தடுப்புச் சங்கிலி விலகுகிறது. "அப்பா, நம்ம முறை!" அவர் அவளை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிறார். "நீங்க முன்னாடி போங்கக்கா." அவர்களைத் தாண்டி முன்னால் போகிறேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் அடுத்த ஆளிடமும் சொல்கிறது: "நீங்களும் போங்க தம்பி, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."