குட்டிக்குச் சுட்ட பிஸ்கட்

“நீங்களே கேளுங்க டாக்டர்! குட்டிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பிஸ்கட்டுக்கு மேல கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? டப்பா நிறையச் சுட்டு வைக்கிறேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காலி! இந்த மனுஷன் வாரி வாரிக் குடுத்தே இதைக் கொன்னுடுவாரு!”

கால்நடை மருத்துவரிடம் மனைவி பொரிந்து தள்ளினாள்.

“சத்தியமா நான் குட்டிக்குக் கூடுதலா ஒரு துணுக்குகூடக் குடுக்கலை” என்றார் கணவர்.

“வாயைத் திறந்தா பொய்! கோழியை வேகவச்சு, பூசணியை மசிச்சு, தொண்டையில அடைச்சுக்கக் கூடாதேன்னு நகம் அளவுக்கு வெட்டி வெட்டிச் சுடறேன் டாக்டர்!”

மருத்துவர் நாய்க்குட்டியை எடை பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“எடை அளவாத்தான் இருக்கு மேடம். கூடுதலாத் தின்ன மாதிரியே தெரியலையே!”

கீழே இறக்கிவிட்டதும் குட்டி நேராகக் கணவரிடம் ஓடி, அவர் பேண்ட் பையை முகர்ந்து முகர்ந்து வாலை ஆட்டியது. மனைவி வெடுக்கென்று அதற்குள் கையை விட்டாள். கை நிறைய பிஸ்கட்!

“கையும் களவுமா மாட்டினீங்களா? இதெல்லாம் யாருக்கு?”

“எனக்குத்தான்!” கணவரும் இப்போது வெடித்தார். “எனக்குச் சர்க்கரை வந்ததுலேர்ந்து உப்புச் சப்பில்லாத ஓட்ஸை டொக்குனு வச்சுட்டுப் போறே. தின்னேனா, தொண்டையில சிக்கிச்சான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?”