அரக்குப் பட்டு ரவிக்கை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று மருதாளுக்குப் பயமாக இருந்தது.

கேட்கப் போவது ஒரு ரவிக்கைதான். ஆனால் கேட்க வேண்டியது பக்கத்து வீட்டு ராமாத்தாளிடம்.

ராமாத்தாள் நல்ல பூரிப்பான உடம்பு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் ஒரு நாள், கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் உப்புக்குக்கூட அடுத்த தெருவுக்குப் போகிறாள்.

மருதாளுக்கு ஏழு மாதம். அடுத்த வாரம் தம்பி நஞ்சப்பனுக்குக் கல்யாணம். இணைச்சீர்ச் சடங்கு செய்யும்போது அக்காள்தான் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். பந்தலே அவளைத்தான் பார்க்கும்.

பட்டுச் சேலைக்குக் கவலை இல்லை. சேலை பாவம், எந்த வயிற்றையும் சுற்றிக்கொள்ளும். ரவிக்கைதான் முழங்கையைத் தாண்ட மாட்டேன் என்றது. பிரித்துத் தைக்க உள்ளே துணி விடவில்லை என்று டெய்லர் கையை விரித்துவிட்டார். பிள்ளை பிறந்ததும் பெட்டியில் போடப்போகிற ரவிக்கைக்காகப் புதுப் பட்டு எடுக்க வீட்டில் வழியில்லை.

"அந்த அக்காகிட்டப் போய், உங்களோடது எனக்குச் சரியா இருக்கும்னு கேட்டா, நீங்க குண்டுன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்களே," என்று புருஷனிடம் புலம்பினாள்.

நல்லான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனுக்கு உலகமே அளவுதான். "குண்டுன்னு எதுக்குச் சொல்றே? நூறு சைஸுன்னு சொல்லு," என்றான்.

அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது தோசை கிடைக்கவில்லை.

மனஸ்தாபம் வந்தாலும் தாங்காது. நல்லானுக்கு முக்கால்வாசி நாள் நைட் ஷிப்ட். இடுப்பு வலி எடுத்தால் ஓடி வர ராமாத்தாளை விட்டால் ஆளில்லை.

யோசித்து யோசித்து, கடைசியில் போய் உட்கார்ந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள். ராமாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பேச வேறொன்றும் இல்லாமல் போனதும் மருதாள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒடம்பு பெருத்துப் போச்சுங்கக்கா. கல்யாணத்துக்குப் பெருசா ஒரு ரவிக்கை வேணுமுங்க. அதான் உங்ககிட்ட... உங்களோடது பெருசுன்னு இல்லீங்க... பெருசா இருந்தாலும் பரவாயில்லைன்னு..."

ராமாத்தாள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியின் மூடி டமாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள் மருதாள். சுவரைப் பிடித்து எழுவதற்குள் மடியில் வந்து விழுந்தது, அரக்குக் கலரில் ஒரு பட்டு ரவிக்கை.

"அந்த டெய்லர் அளவு தப்பாத் தச்சுட்டான். எனக்குத் தொளதொளன்னு தொங்குது. சும்மாதான் கெடக்குது, எடுத்துட்டுப் போ அம்மிணி."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அவிநாசிபாளையத்தில் கல்யாணம். இணைச்சீரில் மருதாள் மகராசி மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ராமாத்தாள் மட்டும் கிட்டவே வரவில்லை. வைகாசிப் புழுக்கத்தில் முந்தானையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, பந்தல் காலோரமாக உட்கார்ந்தவள்தான். சந்தனத்துக்குக் கை நீட்டவில்லை. தாலி கட்டும்போது எல்லோரும் அரிசி தூவினார்கள். அவள் கையைத் தூக்கவே இல்லை.

சின்னம்மா கருப்பாத்தாள் இதையெல்லாம் விடுவாளா? மருதாளின் காதருகே வந்து, "நல்ல மனசு இருந்தா ஒரு கை அரிசி போட மாட்டாளா? இவளையெல்லாம் எதுக்குக் கூப்பிட்டே?" என்றாள்.

மருதாளுக்கும் கசந்துதான் போயிற்று. அன்றைக்கு உளறிய உளறலுக்கு இன்றைக்குத் தம்பி கல்யாணத்தில் பழி தீர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பந்தியில் இருவருக்கும் அடுத்தடுத்த இலை. இலைக்குத் தண்ணீர் தெளிக்க ராமாத்தாள் கையை வெளியே எடுத்தாள். முந்தானை தோளிலிருந்து சரிந்தது.

உள்ளே, பெட்டி மடிப்புக்கூடக் கலையாத வெள்ளை வெளேரென்ற அரைக்கை பனியன்.

மருதாள் சட்டென்று தன் இலையைப் பார்த்துக்கொண்டாள்.

கை கழுவும் இடத்தில் ராமாத்தாளின் வீட்டுக்காரர் வெள்ளையன் நின்றிருந்தார். மருதாளின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க அம்மிணி. அவகிட்ட நல்ல ரவிக்கைன்னு இருக்கறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அக்குள்ல கிழிஞ்சது. கிழிஞ்சதைப் போட்டுட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டேன்னு, எனக்கு எடுத்த புதுப் பனியனை மாட்டிக்கிட்டு வந்துட்டா."

அதற்குள் ராமாத்தாளே போர்த்திக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே கருப்பாத்தாளும் வந்தாள்.

"அங்க என்ன குசுகுசுன்னு?" என்றாள் ராமாத்தாள்.

மருதாளுக்கு ராமாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லவேண்டும் போல இருந்தது. ஆனால் தன் வாயை அவளுக்குத் தெரியும். நன்றியில் ஆரம்பித்து நேராகப் பனியனில் போய் நிற்கும்.

அதனால் பத்திரமாக ஒன்றே ஒன்று மட்டும், சின்னம்மாவின் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. நீங்க குடுத்த பட்டு ரவிக்கை எனக்குக் கொஞ்சம் இறுக்கிப் புடிக்குதுங்க."