பழைய சாம்பல்

கொசு தப்பித்துவிட்டது.

விண்கலம் தப்பவில்லை.

கொசு அடிக்கும் பேட்டை நான் அவ்வளவு வேகமாக வீசியிருக்க வேண்டாம். அலமாரி மேலிருந்து அந்தப் பொம்மை விண்கலம் பறந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக, உண்மையிலேயே பறந்தது. பிறகு அக்காவின் ஹால் முழுக்கச் சிதறியது.

குனிந்து பொறுக்கினேன். பொறுக்கும்போதே ஒன்றை மிதித்தேன்.

அலறியது நான். உடைந்தது அது.

இறக்கைத் துண்டு. சாம்பல் நிறம்.

நல்லவேளை, அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, மூன்று மாதமாக ஊசி. இன்றைக்குத்தான் முடிவு சொல்வார்கள். துணைக்குப் போவதற்கென்றே ஊரிலிருந்து வந்திருந்தேன். "நீ வேணாம்டா. நீ வாயைத் தொறந்தா டாக்டருக்குக் கை ஆடும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு சகாயமேரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எனக்குக் காவல் வேலை. காவல் காத்த லட்சணம்தான் தரையில் கிடந்தது.

விண்வெளிச் சினிமா ஒன்றை வைத்து, துண்டு துண்டாகப் பொருத்திக் கட்டும் இந்தப் பிளாஸ்டிக் செங்கல் பொம்மைகள் வந்த முதல் வருஷம் அது. தொண்ணூற்றொன்பது. அக்கா சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். உன் கல்யாணத்துக்கு வளையல் எடுத்து வை என்று அம்மா போனில் சொன்னாள்.

அக்கா இதை எடுத்து வைத்தாள்.

கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு இது காரணமில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார்ந்து, இறக்கை எப்படி விரியும் என்று காபி ஆறும்வரை செய்து காட்டியது நான்.

உள்ளே இருக்கும் விமானிக்கு மஞ்சள் முகம். பின்னால் வந்த பெட்டிகளில்தான் ஆட்களுக்குத் தோல் நிறம் வந்தது. "முதல்ல வந்தவனுக்கெல்லாம் மஞ்சக்காமாலை" என்பேன். அக்கா சிரிக்க மாட்டாள்.

சில வருஷத்தில் கம்பெனி சாம்பல் நிறத்தையும் மாற்றிவிட்டது. பழையதில் துளி மஞ்சள் இருக்கும், அடுப்புச் சாம்பல் போல. புதியதில் துளி நீலம், மழைக்கு முந்தைய வானம் போல. இதைக் கண்டித்து ஊர் உலகத்தில் வளர்ந்த மனிதர்களெல்லாம் கம்பெனிக்கு எழுதினார்கள்.

என் அக்காவும் எழுதினாள்.

பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் எனக்கு வித்தியாசம் தெரியும். அவள் சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவாள்.

உதிரித் துண்டுகளை இரண்டு ஊறுகாய் பாட்டிலில் வைத்திருப்பாள். பழைய சாம்பல் ஒன்றில். புதிய சாம்பல் ஒன்றில். ஒருமுறை நான் கலந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ரசம் மட்டும்தான் விழுந்தது.

இன்று திறந்தேன்.

இரண்டு பாட்டிலிலும் இரண்டும் கிடந்தன.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கைவரிசை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

எனக்கு வேண்டிய துண்டு நீலச் சாம்பலில்தான் கிடைத்தது. பெட்டியோடு வந்த படப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். மூக்கைப் பின்பக்கம் வைத்து, பிரித்து, மறுபடி வைத்தேன். கடைசியாக அந்தத் துண்டு. வெள்ளை வேட்டியில் வேறு துணி ஒட்டுப் போட்டதுபோல் பல்லிளித்தது.

பழியைப் பல்லி மேல் போடுவதாக முடிவு செய்தேன்.

கொஞ்ச நேரத்தில், அக்காவின் கையைப் பிடித்தபடி சகாயமேரி வாசலில் நின்றாள்.

"படியெல்லாம் வழுக்குது" என்றாள் அக்கா.

வெளியே சுள்ளென்று வெயில். சகாயமேரி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அடுப்பில் பால் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"உக்காருங்கன்னாரு. உக்காந்தேன்."

"கண்ணு எப்படி இருக்காம்?"

"ரெண்டும் இருக்காம்."

எங்கள் வீட்டில் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. பழக்கிவிட்டது நான்தான்.

அலமாரிப் பக்கம் போனாள். வழக்கம்போல் கலத்தைத் தொட்டாள். விரல் மூக்கில் ஆரம்பித்து, விமானியின் தலையைத் தட்டிவிட்டு, இறக்கைக்கு வந்தது. புதிய துண்டின் மேல் ஏறியது. இறங்கியது.

பல்லி என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன்.

"தூசி தொடச்சியா? பரவால்லையே."

அவ்வளவுதான்.

கலத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். வெயில் படும்படி பிடித்தேன். அந்த இறக்கையை அவள் பக்கம் திருப்பினேன்.

திட்டு, அக்கா.

குரங்கே என்று சொல். பெட்டியைக் கட்டு, ஊருக்குப் போ என்று சொல். இன்றைக்கும் ரசம்தான் என்று சொல்.

"என்னடா, பேச்சையே காணோம்?"

சோபாவைப் பார்த்துக் கேட்டாள்.

நான் ஜன்னலருகே நின்றிருந்தேன்.

எனக்கு எந்த நேரத்திலும் ஒரு ஜோக் கிடைத்துவிடும். சாவு வீட்டில்கூடக் கிடைத்திருக்கிறது. தேடினேன்.

"அக்கா, அந்த இறக்கைய நான் ஒடச்சிட்டேன். புதுச் சாம்பல வச்சிருக்கேன்."

"ம்."

"உனக்குத் தெரியலையா?"

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. சரியாக என் மேல் அல்ல. தோளுக்குக் கொஞ்சம் தள்ளி.

"இனிமே பார்வை இதுக்கு மேல வராதாம் அருளு. ஜன்னல் எங்க இருக்குன்னு தெரியுது. நீ எங்க இருக்கேன்னு, நீ பேசினாத்தான்."